தறிக்குழியில் ஒளித்த பிள்ளை

ஏழுமலை,

நலமா என்று கேட்டுத்தான் கடுதாசியைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கேட்கப் போவதில்லை. நர்சம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பவானியின் காதில் கம்மல் இருந்த இடம் கிழிந்து நாலு தையல். உன் மகள், பிறந்து ஐம்பது நாள்கூட ஆகாதது, அன்றைக்கு அத்தனை கூச்சலையும் கேட்டு மூச்சடைத்து நீலம் பாரித்துப் போனது. இந்த மூன்று பேரும் நலமாக இல்லை. நீ மட்டும் நலமாக இருந்தால் அது எனக்கு ஆச்சரியம்.

இனிமேல் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாய். போன் போட்டால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது, நாலு நாளாக எழுதுகிறது. உனக்கு ஒன்று அனுப்பிவிட்டு, இன்னொன்றை நர்சம்மாவிடம் கொடுத்து, ஊசி போட வருகிற தாய்மார்கள் உட்காருகிற இடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். குடும்ப விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். நான் ஒரு பொய் சொன்னேன். அதை உன்னிடம் மட்டும் சொல்லவில்லை, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொன்னேன். தெரு முழுக்கச் சொன்னதைத் தனியாக உன் காதில் மட்டும் திருத்த முடியாது.

போன புதன்கிழமை நடந்ததை முதலில் எழுதுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். என் மருமகள் பவானிக்கு அவள் அம்மா வீட்டில் வலி கண்டது. பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம். பிறந்ததும் இடது கையில் போடுகிற டிபி தடுப்பூசி அங்கே இல்லை. அந்த மருந்தை ஒரு தடவை உடைத்துக் கலக்கினால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டுமாம். அதனால் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் உடைப்பார்கள், அரசு சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நீ கொண்டு போகவில்லை. முதல் புதன் வேலை என்றாய். அடுத்த புதன் மழை என்றாய். அதற்கடுத்த புதன் அந்த ஊசியே வேண்டாம், பேச்சை எடுக்காதே என்றாய். பவானி எனக்குப் போன் போட்டு அழுதாள். நீ கம்பெனிக்கு முதல் ஷிப்ட் போன பிறகு நான் ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்கு வந்து, அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். உன்னிடம் சொல்லாமல் போனது தப்புதான். சொல்லியிருந்தால் போயிருக்க முடியாது.

எங்களுக்கு முன்னால் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். நர்சம்மா மும்தாஜ் அப்போதுதான் அந்தப் பழுப்புக் குப்பியை உடைத்துக் கலக்கி வைத்திருந்தார். யார் உனக்குத் தகவல் சொன்னார்களோ, கம்பெனி சட்டையோடு வந்து நின்றாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பவானியின் முகத்தில் அறைந்தாய். உன் விரல் அவள் கம்மலில் மாட்டியது, நீ கையை இழுத்தபோது கம்மலும் கூடவே வந்தது. அவள் தோளெல்லாம் ரத்தம். நான் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐஸ் பெட்டியை உதைத்தாய். மேஜையைக் கவிழ்த்தாய். நர்சம்மா, தம்பி, பச்சப் புள்ளைங்க இருக்குது, வெளிய வாங்க பேசலாம் என்றுதான் சொன்னார். அந்த அம்மாவின் கையைப் பிடித்து முறுக்கினாய். எலும்பு உடைகிற சத்தம் எனக்குப் புதிது இல்லை, கேட்டவுடன் தெரிந்தது.

அப்புறம் நீ கத்தியதை அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். "எங்க அப்பன் கைல இந்த ஊசித் தழும்பு இருந்துது, ரத்தம் கக்கி செத்தாரு. என் தங்கச்சிக்கும் போட்டீங்க, அதுவும் மண்ணுக்குள்ள கெடக்குது. என்னாத்த கிழிச்சுது உங்க ஊசி?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அவள அடிச்சே கொன்ன. என் புள்ள மேல கைய வெக்காத" என்று சொல்லிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாய். மருந்து தரையில் கொட்டிக் கிடந்தது. அந்த ஏழு பிள்ளைகளும் ஊசி இல்லாமல் வீட்டுக்குப் போயின. நீ சொன்னதில் ஒன்று என் பொய். அதை அங்கேயே, அந்தத் தாய்மார்கள் முன்னாலேயே, இல்லை என்று சொல்லியிருந்தால் நீ ஒரு நிமிஷமாவது நின்றிருப்பாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் தங்கச்சி கோமதிக்கு அந்த ஊசி போடவே இல்லை, ஏழுமலை.

உனக்குப் போட்டோம். நீ பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாய், பிறந்த மறுநாளே போட்டார்கள். ஆறு வாரம் கழித்து அந்த இடம் பயறு அளவுக்கு வீங்கியது. பிறகு உடைந்து சீழ் கசிந்தது. அப்படித்தான் இருக்கும், ஒன்றும் தடவாதீர்கள், தானாக ஆறும் என்று நர்சு சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அப்போது தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது, சந்தன நிறம். கரை வேறு நிறம் என்பதால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உன் அப்பா நடுவில், நான் இடது பக்கம் கரை நாடாவை, நூல் சுற்றிய மரக்கட்டையை, தள்ளுவதற்கு. உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். நீ தூக்கத்தில் கையை நீட்டினாய். அந்தப் புண் புடவையில் பட்டு, ஒரு பொட்டு அளவுக்கு மஞ்சளாய்க் கறை விழுந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. முதலாளி புடவையை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று தள்ளிவிட்டார். உன் அப்பா வீட்டுக்கு வந்து, முனையில் இரும்பு வைத்த நாடாவை எடுத்து என் வாயிலேயே அடித்தார். முன்பல் இரண்டும் போனது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்.

அதோடு விடவில்லை. அந்தப் புண் ஆறும் வரைக்கும் உன்னைத் தறி இருக்கிற கூடத்துக்குள் கொண்டு வரக்கூடாது என்றார். கொண்டு வந்தால் அடித்தார். நீ பாலுக்கு அழுது நான் எழுந்து போனாலும் அடித்தார். ஆகவே எனக்கு அந்த ஊசி என்றால் பயம் வந்தது. ஊசியால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற பயம் இல்லை அது. ஊசி போட்டால் புண் வரும், புண் வந்தால் பட்டில் படும், பட்டில் பட்டால் என் வாயில் நாடா விழும். இவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது.

நீ பிறந்து நாலு வருஷம் கழித்து கோமதி பிறந்தாள். அடைமழை, வண்டி கிடைக்கவில்லை, வீட்டிலேயே பிரசவம். அப்போது எங்கள் தெருவுக்கு வேறு ஒரு நர்சு, வயதானவர், மொபெட்டில் வருவார். ஒரு வாரம் கழித்து ஊசிப் பெட்டியோடு வந்தார். தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டதும் நான் பிள்ளையைப் பழைய புடவையில் சுற்றி, நூல் கூடையில் வைத்து, தறிக்குழிக்குள் இறக்கினேன். குழித்தறி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பதற்காக இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கும். மேலே பாவு, அதாவது நீளவாக்கில் கட்டின இழைகள், விரிந்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உன் அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் கூடை இருந்தது. நர்சு வாசலில் நின்று கேட்டார். பிள்ளையை என் தங்கை எங்கள் அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்றேன். உள்ளே பிள்ளை அழுதது. உன் அப்பா மிதிக்கட்டையை ஓங்கி ஓங்கி மிதித்தார். தறிச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. நர்சு நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். போன பிறகு உன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணம் ஆனதில் இருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது ரொம்பக் குறைவு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

நர்சு இரண்டு தடவை மறுபடி வந்தார். இரண்டு தடவையும் குழிக்குள் இறக்கினேன். மூன்றாவது தடவை பிள்ளை அழவே இல்லை, பழகிவிட்டது.

அந்த வருஷமே உன் அப்பாவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. காற்று அடித்தால் பாவு இழை அலையும், தூசி ஒட்டும் என்று ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தோம். அந்தக் கூடத்தில்தான் நாலு பேரும் சாப்பிட்டோம், தூங்கினோம். அவர் இருமியதைத்தான் நாம் நாலு பேரும் மூச்சாக இழுத்தோம். பட்டுத் தூசியால் வருகிற இருமல் என்று அவர் சொன்னார், நானும் நம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு தடவை சொன்னதற்கு என் தலையைப் பிடித்துத் தறிக்கட்டையில் மோதினார். அப்புறம் சொல்லவில்லை.

இனி எழுதப் போவது உனக்குத் தெரிந்தது. நீ பார்த்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன். கோமதிக்கு இரண்டரை வயசு. இரண்டு மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. லேசாகக் காய்ச்சல். காலையில் எழுந்ததும் வாந்தி. விளையாடக் கூப்பிட்டால் வராமல் மூலையில் சுருண்டு கிடந்தாள், தூக்கினால் எரிந்து விழுந்தாள். பிடிவாதம் என்று நினைத்தேன். அன்று நான் கரை நாடா தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள், அழுதாள், தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினாள். இரண்டு தடவை இழுத்து உட்கார வைத்தேன். மூன்றாவது தடவை பாவின் மேலேயே வாந்தி எடுத்தாள். உன் அப்பா எழுந்து என்னை அடிப்பதற்குள் நான் எழுந்து அவளை அடித்தேன். தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி அடித்தேன். கன்னத்தில், முதுகில், தொடையில். கை வலித்த பிறகு கரண்டியை எடுத்தேன். நீ படியில் நின்றுகொண்டு, "அம்மா, வுட்டுடும்மா, அது ஒண்ணும் செய்யலம்மா" என்றாய். உன்னையும் ஓர் அடி அடித்தேன்.

மறுநாள் காலையில் அவள் கண் ஒரு பக்கமாகச் செருகியது. கழுத்து கட்டை மாதிரி விறைத்துப் போனது. வலிப்பு வந்தது. காற்று கருப்பு என்று சொன்னார்கள். மந்திரிக்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம், அவர் வேப்பங்கொத்தால் அந்த உடம்பை மறுபடியும் அடித்தார். அதற்கும் பிடித்துக்கொடுத்தவள் நான்தான். ஐந்து நாள் அப்படிப் போனது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னை. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். டிபி கிருமி மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வுக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, என் அடியால் வந்ததா என்று கேட்டேன். "அடியால வரலம்மா. ஆனா அது தலவலி தாங்காமத்தான் செவுத்துல முட்டியிருக்குது. அதப் போய் அடிச்சிருக்கீங்க" என்றார்.

பிறகு அவர் கேட்டார், பிறந்ததும் போடுகிற ஊசி போட்டீர்களா என்று. உன் அப்பா என்னைப் பார்த்தார். நான், போட்டோம் என்றேன். டாக்டர் பிள்ளையின் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சில பிள்ளைகளுக்குத் தழும்பு விழாமலும் போகலாம் என்று சொல்லி எழுதிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். பதினோராவது நாள் கோமதி போனாள். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஊசி போட்டீங்களா, ஊசி போட்டீங்களா என்று கேட்டார்கள். போட்டோம், போட்டும் போய்விட்டாள் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். சொல்லச் சொல்ல அது சுலபமாகிவிட்டது. பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்றவர்கள் வந்து, என்னாமா, அந்த ஊசி போடலாமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டுப் போடாமல் விட்டார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

நீ ஏழு வயசில் உன் கண்ணால் பார்த்ததை வைத்து, அம்மா அடித்துத்தான் தங்கச்சி செத்தாள் என்று முடிவு செய்துகொண்டாய். நான் மறுக்கவில்லை. நீ என்னை வெறுப்பது எனக்கு ஒரு வகையில் சௌகரியமாக இருந்தது. அடித்தவள் என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம், நம் தெருவில் அடிக்காத தாய் யார் இருக்கிறாள். ஒளித்தவள் என்ற பெயரோடு வாழ முடியாது என்று நினைத்தேன்.

உன் அப்பாவின் கதை உனக்கே தெரியும். கோமதி போன பிறகுதான் அவருக்கும் சளி எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாசம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். இரண்டு மாசத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது, அடிக்கப் பலம் வந்தது, மாத்திரையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார். மறுபடி வந்தபோது அந்த மாத்திரைக்கு அடங்கவில்லை. கடைசியில் அவர் ரத்தம் கக்கியபோது பாத்திரம் பிடித்தவன் நீதான், உனக்குப் பன்னிரண்டு வயசு. அப்போதும், இருமலுக்கு நடுவில், கையில் கிடைத்ததை எடுத்து என்மேல் எறிந்தார். அவர் கையில் பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசியின் தழும்பு இருந்தது உண்மை. அதுதான் உன் கேள்வி. அதை நான் நர்சம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை நர்சம்மா வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலில் விழப் போனேன், பிடித்துக்கொண்டார். முதலில் நான் குழியில் ஒளித்ததைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பிறகு உன் கேள்வியை என் கேள்வியாகக் கேட்டேன், தழும்பு இருந்தும் என் வீட்டுக்காரர் ஏன் செத்தார் என்று.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். டிபி கிருமி எச்சிலைத் தொட்டு வருவதில்லை, மூச்சில் வருகிறது. நேராக நுரையீரலின் அடிக்குப் போய் உட்காருகிறது. அங்கே உடம்பு வைத்திருக்கிற காவல்காரர்கள் உண்டு, வருவதையெல்லாம் பிடித்து விழுங்குகிறவர்கள். இந்தக் கிருமியையும் விழுங்குவார்கள். விழுங்கினாலும் அதைக் கொல்லத் தெரியாது. கிருமி அவர்கள் வயிற்றுக்குள்ளேயே இருந்துகொண்டு குட்டி போடும், கடைசியில் விழுங்கியவனைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உடம்பின் மற்ற இடங்களில் இருந்து உதவிக்கு ஆள் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். பச்சைப் பிள்ளைக்கு அந்த ஆட்களே இன்னும் பழகாதவர்கள். அவர்கள் வருவதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறி மூளை வரைக்கும் போய்விடும். "உங்க கோமதிக்கு அதான்மா நடந்துது" என்றார் நர்சம்மா.

கையில் போடுகிற ஊசியில் இருப்பதும் உயிருள்ள கிருமிதானாம், டிபி கிருமிக்குப் பங்காளி முறை, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். உடம்பு அதோடு சண்டை போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. உன் கையில் வந்த புண் அந்தச் சண்டைதான். நான் துடைத்துத் துடைத்துப் பயந்து செத்தேனே, அந்தச் சீழ், உன் உடம்பு பாடம் படித்துக்கொண்டிருந்த இடம். அப்படிப் படித்த உடம்பில் நிஜக் கிருமி வந்தால் உதவி ஆட்கள் சீக்கிரம் வருவார்கள், சுற்றி வளைத்துச் சுவர் கட்டி அடைத்துவிடுவார்கள். ரத்தத்தில் ஏற விடமாட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது, ஆனால் மூளைக்குப் போவதை அது பெரும்பாலும் தடுத்துவிடும் என்றார். நீயும் கோமதியும் ஒரே கூடத்தில், ஒரே பாயில், ஒரே இருமலுக்குள் படுத்துக் கிடந்தீர்கள். உனக்குப் போட்டிருந்தது. அவளுக்குப் போடவில்லை.

அப்புறம் உன் அப்பா. "பெரியவங்களுக்கு நெஞ்சுல வர்றத இந்த ஊசி அவ்வளவா தடுக்காதும்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். கையில் போட்ட ஊசி ஏற்படுத்துகிற காவல் அதிகமும் ரத்தத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும், நுரையீரலுக்குள்ளேயே போய்க் குடியிருப்பது குறைவு. வருஷம் போகப் போக அதற்கும் படித்தது மறந்துவிடும். அதனால்தான் மூக்கு வழியாக இழுக்கிற மாதிரி, நேராக நெஞ்சுக்குள் காவலை உட்கார வைக்கிற மாதிரி மருந்து செய்ய முடியுமா என்று படித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இன்னும் நமக்கு வரவில்லை. அது வரும் வரைக்கும் பெரியவர்களுக்கு மாத்திரைதான், முழுசாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். உன் அப்பா சாக்கடையில் போட்டார். ஊசி அவரை ஏமாற்றவில்லை. அது அவருக்குச் செய்யாத வேலையை வைத்து, உன் மகளுக்குச் செய்யப் போகிற வேலையைத் தள்ளிவிடாதே.

நான் எழுந்து கிளம்பும்போது நர்சம்மா என்னை நிறுத்தினார். "உங்க பையன் எத்தினி நாளா இருமிக்கினு இருக்காரு?" என்று கேட்டார். நீ அன்று கத்தும்போது நடுவில் இரண்டு தடவை நின்றாய். இருமிவிட்டுத்தான் மறுபடி கத்தினாய். நானும் கேட்டேன். அந்த இருமலை நான் எட்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவள். கேட்டும், கம்பெனித் தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பட்டுத் தூசி என்று அன்று சொல்லிக்கொண்ட மாதிரி. நான் பவானியைப் போனில் கேட்டேன். ஒரு மாசமாக இருக்கிறது, சாயங்காலமானால் உடம்பு காய்கிறது, சொன்னால் அடிக்க வருகிறார் என்றாள். சுவர் கட்டி அடைத்து வைத்தது இருபது வருஷம் கழித்தும் சுவரை உடைத்துக்கொண்டு வரும் என்று நர்சம்மா சொன்னார். எனக்கும் சளி எடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. உனக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் இப்போது இருக்கிற மாத்திரையில் நீ பிழைத்துவிடுவாய். ஆனால் நீ அந்தப் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்குகிறாய். கொஞ்சும்போது அதன் முகத்துக்கு நேரே மூச்சு விடுகிறாய். நான் என் பிள்ளையை உன் அப்பா காலடியில் வைத்தேன். நீ உன் பிள்ளையை நெஞ்சின் மேலேயே வைத்திருக்கிறாய்.

அதனால் இரண்டு வேலை. காலையில் எழுந்ததும் அவர்கள் கொடுக்கிற டப்பாவில் சளியைத் துப்பிக் கொடு. பிள்ளையையும் கொண்டு போ. உனக்கு இருக்கிறது என்றால் பிள்ளைக்கு முதலில் மருந்தா, ஊசியா, எது முன்னே எது பின்னே என்று டாக்டர் பார்த்துச் சொல்வார், நீயோ நானோ சொல்லக் கூடாது. ஒரு வயசு வரைக்கும் ஊசி போடலாமாம், இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டில் ஜன்னலைத் திறந்து வை. சளி சோதனை முடிவு வரும் வரை பிள்ளையை உன் பக்கத்தில் படுக்க வைக்காதே. பவானியிடம் மன்னிப்புக் கேள். அவள் மன்னிக்காவிட்டால் அதற்காகவும் அடிக்காதே. நம் வீட்டில் வாய் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் கை பேசியது. உன் அப்பா என்னை அடித்தார், நான் கோமதியை அடித்தேன், உன்னை அடித்தேன், நீ இன்று பவானியை அடிக்கிறாய். இதற்கு ஊசி இல்லை என்று நர்சம்மாவே சொல்லிச் சிரித்தார், கை வலியோடு. போலீசுக்கு அவர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். அது உனக்குத் தெரிய வேண்டும். உன்னைக் காப்பாற்ற இனிமேல் யாரிடமும் பொய் சொல்ல மாட்டேன். அவர் எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பிள்ளையைக் கொண்டு வரச் சொல்லுங்கள், இடது கையால் எனக்கு ஊசி போட வராது, வேறு நர்சை வைத்துப் போட வைக்கிறேன் என்றார்.

புதன்கிழமை நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். என்னைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பாதி வழியில் திரும்பிவிடுவாய். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. முன்பு வெறுத்ததைவிட அதிகமாக வெறுப்பதற்கு வேண்டியதைத்தான் இதில் எழுதியிருக்கிறேன், வைத்துக்கொள். போன வாரம் நீ விரட்டியடித்த அந்த ஏழு தாய்மார்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். உன்னைப் பார்த்ததும் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். உன் தங்கச்சியைப் பற்றி அன்று அவர்களிடம் சொன்னாயே, அதை மாற்றிச் சொல். எங்க அம்மா அவளுக்கு ஊசி போட விடல, தறிக்குழியில ஒளிச்சு வெச்சாங்க, அதனாலதான் செத்தா என்று சொல். அதைச் சொல்லிவிட்டு, பிள்ளையோடு வரிசையில் கடைசியாகப் போய் நில்.

உன் அம்மா